எட்டாவது சபையில் நான் சொன்ன பிரசங்கம்

என் ஆம்ப்ளிஃபயருக்கு மதம் கிடையாது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதை அறிவிக்கும். சனிக்கிழமை காதுகுத்து வீட்டில் தாய்மாமன் சீர்வரிசையை உரக்க வாசிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்லேலூயா சொல்லும். மூன்று இடத்திலும் அதே குழாய், அதே மைக், அதே 'ஊய்' என்ற அலறல். திண்டுக்கல்லில் மைக்செட் கடை வைத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. சாமிகளுக்குள் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால், கிறிஸ்தவர்கள் நேரத்துக்கு ஆரம்பிப்பார்கள், நேரத்துக்கு முடிக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்வேன். நம் ஆட்கள் இரண்டையும் செய்ய மாட்டார்கள்.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. மேடையில் யார் என்ன உளறினாலும் அதற்கு நான் பொறுப்பில்லை. சத்தம் என்னுடையது, பேச்சு அவர்களுடையது. இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன், ஃபாரின் ஐயா இரண்டாவது தடவை வருகிற வரைக்கும்.

ஃபாரின் ஐயா என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். எழுபதை நெருங்கிய வெள்ளைக்கார மிஷனரி. நெட்டையான மனிதர், எந்த சபைக்குள் போனாலும் நிலைப்படியில் ஒருமுறை தலையை இடித்துக்கொள்வார். வருஷத்தில் பாதி நாள் பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து, எங்கள் பக்கத்து வறண்ட காட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னச் சின்ன சபைகளைப் பார்க்க வந்தவர். இரண்டு தடவையும் தை மாசத்தில்தான் வந்தார். மற்ற மாசங்களில் எங்கள் வெயில் அவரை நேராகப் பரலோகத்துக்கே அனுப்பிவிடும்.

முதல் தடவை அவர் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அப்போதும் மைக்செட் என்னுடையதுதான். நத்தம் போகிற வழியில், மாந்தோப்புகளைத் தாண்டி உள்ளே போனால் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் இருக்கிறது. அந்த ஊர் சபைதான் அவருடைய கடைசி நிறுத்தம். அக்காவுக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்தே இரண்டு காலிலும் பலம் இல்லை. கையை ஊன்றி, இடுப்பால் தேய்த்துத் தேய்த்துத்தான் வீட்டுக்குள் நகரும். அப்போது ஏழு வயது. அக்கா கிறிஸ்தவளும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்தான், "கூட்டிட்டு வாக்கா, காசா பணமா, ஒரு ஜெபம்தான" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். ஃபாரின் ஐயா பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். கூடவே நின்று தமிழில் சொன்னவர், "அடுத்த முறை நான் வரும்போது இந்தப் பிள்ளை என் எதிரே நடந்து வரும்!" என்று முழங்கினார். என் குழாய் அதை மூன்று ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அன்றோடு அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார்: ஒரு ஆபரேஷன் செய்து, காலுக்குக் கம்பி வைத்த பெல்ட் போட்டுப் பழக்கினால், ஊன்றுகோல் பிடித்தாவது நடந்துவிடும், ஆனால் வயது ஏற ஏற கஷ்டம் என்று. நானும் மாமாவும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனோம். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மாசத்துக்கு இரண்டு நாள் வருவார், அந்த இரண்டு நாளும் சண்டைதான். அக்காவிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "கத்தியக் கித்திய வச்சு, அவரு குடுத்த வாக்க நான் கெடுக்க மாட்டேன். அவரு வரட்டும். அவரு வாயால போன்னு சொல்லட்டும், போறேன்." டாக்டர் சொன்னது கெடு, வெள்ளைக்காரர் சொன்னது வாக்கு. பிள்ளைக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல், எல்லார் மேலும் கோபமாக இருந்தேன்.

ஆகவே இந்தத் தடவை நான் அவரோடு சபை சபையாகச் சுற்றுகிற நாலு நாள் வேலையை ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், அவர் வாயால் அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட வேண்டும் என்பதுதான். எனக்கு இங்கிலீஷ் வராது. பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பாடமும் நானும் ஒருவரை ஒருவர் மன்னித்து அனுப்பிக்கொண்டோம். கேட்க வேண்டுமானால் மொழிபெயர்ப்பவர் மூலமாகத்தான் கேட்க வேண்டும்.

மொழிபெயர்ப்பவர் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழங்கியவரும் அவர்தான். நல்ல மனிதர், ஆனால் மைக் என்ற ஒரு சாதனம் இருப்பதை அவர் நம்பவே இல்லை. கடைசி பெஞ்சு பையனைத் திட்டுகிற குரலிலேயே தமிழ் சொல்வார். ஃபாரின் ஐயா "குட் மார்னிங்" என்றால், இவர், "கிருபையாய் இந்தக் காலை வேளையைக் காணச் செய்த கர்த்தரின் நாமத்தினாலே உங்கள் அனைவரையும் வாழ்த்துகிறேன்" என்பார். அவர் ஒரு முழம் கொடுத்தால் இவர் ஒன்பது முழமாக நெய்து தருவார். ஃபாரின் ஐயா தன் பாஷையை நினைத்து வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

முதல் நாளே வேனில் வைத்து அவரிடம் கேட்டேன். "ஐயா, எங்க அக்கா விஷயம் அவருகிட்ட செத்த சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"தம்பி, அது விசுவாசம் சம்பந்தப்பட்டது" என்றார்.

"ஐயா, அது எங்க அக்கா மக காலு சம்பந்தப்பட்டது" என்றேன். அவர் ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நாலு நாள், எட்டு சபை. ஒவ்வொரு சபையிலும் ஊர் எல்லையிலேயே ட்ரம் செட் நிற்கும். மாலை, சால்வை, இளநீர், இலைச்சாப்பாடு. மூன்றாவது சபையில் போர்த்திய சால்வையின் பார்டரைப் பார்த்ததுமே அது முதல் சபையில் போர்த்திய சால்வை என்று கண்டுபிடித்துவிட்டேன். கேட்டதற்கு ஹெட்மாஸ்டர், "ஏழைச் சபை தம்பி, நான்தான் குடுத்தனுப்பினேன்" என்று காதைக் கடித்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்து சபையில் முருங்கைக்காயை ஒரு கட்டு கட்டி அவர் கையில் கொடுத்தார்கள். அதைப் பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். பந்தியிலும் முருங்கைக்காய் சாம்பார். அவர் காயைத் தோலோடு கடித்து, மென்று, அந்த நாரோடு விழுங்க ஆரம்பித்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. மரியாதை காரணமாக ஒருவரும் தடுக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் என்னிடம், "ஏனுங்க, அவுங்க ஊருல இப்படித்தான் திங்கறதுங்களா?" என்று கவலையாகக் கேட்டார். நாலு துண்டு உள்ளே போன பிறகுதான் ஒரு சின்னப் பிள்ளை சப்பித் துப்பிக் காட்டியது. அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில், எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனது இன்னும் எரிச்சலாக இருந்தது.

எட்டு சபைக்கும் ஒரே பிரசங்கம். ஒரு வார்த்தை கூட மாறாது. அவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்து ஏரி குளிர்காலத்தில் உறைந்து கல்லாகிவிடுகிறது. அப்பா போகாதே என்று சொல்லியும் கேட்காமல் அதன் மேல் நடந்து போகிறார். நடு ஏரியில் ஐஸ் விரிசல் விடுகிறது. கரையிலிருந்து அப்பா கத்துகிறார்: நிற்காதே, படு, ஊர்ந்து வா! பையன் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து கரைக்கு வந்து, "ஸாரி டாடி, ஸாரி டாடி" என்று அழுகிறான். இந்த இடத்தில் ஃபாரின் ஐயாவின் குரல் லேசாக உடையும். பிறகு அந்த அப்பாவிலிருந்து பரமபிதாவுக்கு வந்து, கடைசியில் கையை நீட்டி மூன்று சின்ன வாக்கியம் சொல்வார். ஹெட்மாஸ்டர் அதைத் தமிழில், "பிதா உன்னைக் கூப்பிடுகிறார். பயப்படாதே. எழுந்து வா!" என்று கூரை அதிரச் சொல்வார். ஜனங்கள் அழுதுகொண்டே முன்னால் வருவார்கள். ஏரி மேல் நடந்தது எப்படி என்பதுதான் யாருக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் குளத்தின் மேல் நடப்பதில் ஒரு அதிசயமும் இல்லை. வருஷத்தில் எட்டு மாசம் குளத்தில் நடந்துதான் பஸ்ஸுக்குப் போகிறோம்.

நாலாவது சபையிலேயே எனக்குப் பிரசங்கம் மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பார் என்பது வரைக்கும். அவர் ஒரு வாக்கியம் பேசி நிறுத்தினால், அடுத்து எந்தத் தமிழ் வர வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வேனில் போகும்போது டிரைவருக்கு நடித்துக் காட்டுவேன், இரண்டு குரலிலும். இங்கிலீஷ் பகுதிக்கு வாயில் வந்ததைப் பேசுவேன், தமிழ் பகுதிக்கு ஹெட்மாஸ்டர் மாதிரியே கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவேன். டிரைவர் சிரித்த சிரிப்பில் வேன் ஒரு தடவை வரப்பில் இறங்கியது. முன் சீட்டில் இருந்த ஹெட்மாஸ்டரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதுதான் வினை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஹெட்மாஸ்டரின் தொண்டை கரகரத்தது. நாலாம் நாள் காலையில் காற்று மட்டும்தான் வந்தது. காலையில் இருந்த ஏழாவது சபையைக் கிசுகிசுப்பாக எப்படியோ ஒப்பேற்றினார். நான் மைக்கை அவர் வாய்க்குள்ளேயே திணித்தாற்போல் வைத்து, சத்தத்தை ஏற்றிக் காப்பாற்றினேன். அங்கிருந்து அக்கா ஊருக்குப் போகிற வழியில், அவர் டைரியை எடுத்து இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிக் கிழித்து ஃபாரின் ஐயாவிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு தடவை படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கொடைரோட்டில் ரயிலைப் பிடிக்க வேண்டும், அது பற்றித்தான் எழுதியிருப்பார் என்று நினைத்தேன்.

எட்டாவது சபை. நான் குழாயைக் கூரையில் கட்டி, வழக்கம்போல் "கடைசியில இருக்கவங்களுக்குக் கேக்குதா?" என்று சோதித்துக்கொண்டிருந்தபோது ஹெட்மாஸ்டர் வந்து என் சட்டையைப் பிடித்தார். வாயசைவில், "நீ சொல்லு" என்றார். உள்ளூர் பாஸ்டருக்கு இங்கிலீஷ் என்றால் ஆமென் மட்டும்தான் தெரியும். சபையிலோ உட்கார இடம் இல்லை. "ஐயா, எனக்கு ஏபிசிடியே ஒழுங்கா வராது" என்றேன். அவர் தன் நெற்றியைத் தட்டி, என்னைக் காட்டி, மனப்பாடம்தானே என்று சைகை காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் தன் கைக்குட்டையை எடுத்து என் நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைத்துவிட்டார். இப்படியாக நான் ஊழியத்துக்கு அழைக்கப்பட்டேன். ஆள் கிடைத்த நிம்மதியில் அவர், பாஸ்டர் வீட்டம்மா போட்டுவைத்த மிளகுக் கஷாயத்தைக் குடிக்கப் பின்பக்கம் போய்விட்டார்.

முன் வரிசையில் பாயில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள். பிள்ளைக்குப் புதுப் பாவாடை, தலை நிறைய மல்லிகைப்பூ. என்னை மைக் பக்கத்தில் பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பயம் இருந்தது உண்மை. ஆனால் மைக் கையில் வந்ததும் அது போய்விட்டது. பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் கையில் கொடுத்தே பழகியவன். என் மைக்குக்கு நானே கொஞ்சம் எக்கோ கூட்டி வைத்துக்கொண்டேன்.

ஃபாரின் ஐயா வணக்கம் சொன்னார். நான் உச்சி வெயிலில் கிருபையாய்க் காலை வேளையைக் காணச் செய்தேன். அவர் முன்வரிசையைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்ததும் சட்டைப் பையைத் தொட்டார். பிறகு மெதுவாக ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினார். நான், "எனக்கு அப்போது எட்டு வயது" என்றேன்.

அவர் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் பேசினார். நாலு நாள் அலைச்சல், வயதும் ஆகிவிட்டது என்று நினைத்தேன். 'ஐஸ்' என்ற வார்த்தை வரவில்லை என்பதைக் கவனித்தேன். அதைத் தாண்டிவிட்டார் போல, நாமும் தாண்டக் கூடாது, ஜனங்களுக்குக் கதை விட்டுப்போகும் என்று ஏரியை முழுசாகவே உறையவைத்தேன். 'டாக்டர்' என்று ஒரு வார்த்தை கேட்டது. எனக்கு அது புதிது. அதற்குள் நான் நடு ஏரியில் விரிசலில் நின்றுகொண்டிருந்தேன், திரும்ப வழியில்லை. பிறகு 'ஸாரி' வந்தது. அப்பாடா என்று இருந்தது. ஸாரி எனக்குத் தெரிந்த இடம். அவர் குரல் உடைந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. மற்ற ஏழு சபையிலும் இந்த அளவுக்கு அழவில்லையே, மனிதர் கடைசி சபை என்று சேர்த்து வைத்திருக்கிறார் என்று நானும் குரலை உடைத்தேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. ஹெட்மாஸ்டரைவிட நான் நன்றாகச் செய்கிறேன் என்று பட்டது.

அப்போது அவர் மேடையிலிருந்து இறங்கினார். சிரமப்பட்டு முட்டி போட்டு, பிள்ளையின் இரண்டு பாதத்தையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று சின்ன வாக்கியம் சொன்னார். மூன்றே மூன்று. எனக்கு எண்ணிக்கை சரியாக இருந்தது.

"பிதா உன்னைக் கூப்பிடுகிறார். பயப்படாதே. எழுந்து வா!" என்றேன், முழு எக்கோவில்.

கூரை பெயர்ந்துவிடும்போல் ஆயிற்று. அல்லேலூயா, ஸ்தோத்திரம், ட்ரம் செட், அழுகை எல்லாம் ஒன்றாக. வாசலில் ஹெட்மாஸ்டர் வந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் வேகமாக ஆட்டினார். ஆவியில் நிறைந்துவிட்டார் என்று நினைத்த ஜனங்களும் திரும்பி அவரைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். அக்கா மட்டும் ஆட்டவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவரை மாலையோடு, ஸ்டேஷனுக்குப் போக வந்திருந்த காருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "தேங்க் யூ, தேங்க் யூ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "வெல்கம் சார்" என்றேன். ஹெட்மாஸ்டர் கார் ஜன்னல் வழியாக என் மிக்ஸரைக் காட்டிக் காட்டி ஏதோ காற்றாக ஊதினார். ரெக்கார்டிங் கேட்கிறார் என்று கட்டைவிரலை உயர்த்தி, "காப்பி போட்டுத் தாரேன் ஐயா!" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். கார் போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது போனில் அவருடைய மெசேஜ் இருந்தது. 'காலையில் நான் எழுதிக் கொடுத்தது உன் அக்கா விஷயம்தான். தனியாகச் சொல்வார் என்று நினைத்தேன். ரெக்கார்டிங்கை உன் மனைவியைக் கேட்கச் சொல்.' என் மனைவி ஒரு இங்கிலீஷ் மீடியம் நர்சரி பள்ளியில் டீச்சர். ஃபாரின்காரர்கள் வந்தால் நான் எப்போதும் இங்கிலீஷை இடது பக்கமும் தமிழை வலது பக்கமுமாகப் பதிவேன், அவர்கள் ஊருக்குக் கொண்டுபோக இங்கிலீஷை மட்டும் பிரித்துக் கொடுக்க வசதி. அவள் ஹெட்போனை மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் வலது காதை மட்டும் கழற்றினாள். முகம் மாறியது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். "அந்த மனுசன் அழுது மன்னிப்புக் கேக்குறாரு. நீங்க பாட்டுக்கு ஐஸ் மேல நடந்துக்கிட்டு இருக்கீங்க."

வரி வரியாகச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். நாலு நாள் யாரிடமாவது சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சிய அதே வார்த்தையை அவர் சொல்லியிருக்கிறார். ஊர் அறியச் சொல்லியிருக்கிறார். அதன் மேல் ஏறி நின்று கத்தியவன் நான். அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

மறுநாள் விடிந்ததும் மனைவியோடு வண்டியில் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து மகளின் தாடையில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். தாடை தோல் உரிந்து, உதடு வீங்கியிருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"ஊரு வந்துச்சு" என்றாள் அக்கா. "நேத்துப் பொழுது சாய அம்புட்டுப் பேரும் வந்துட்டாக. எங்க எந்திரி பாப்போம், ஐயா எந்திரின்னு சொல்லிட்டாருல்லன்னு. ரெண்டு பேரு கக்கத்துல கை குடுத்து நிப்பாட்டுனாக. நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்டேன். விட்டாக. விழுந்துட்டா."

பிள்ளை என்னைப் பார்த்தது. அதற்கு அழுகை இல்லை, சந்தேகம்தான் இருந்தது. "மாமா, அவரு ஐஸ்ல ஊந்து வந்ததாலதான பொழச்சாரு? நிக்காத, ஊந்து வான்னுதான அவுங்க அப்பா சொன்னாரு? அப்புறம் எதுக்கு என்னய மட்டும் எந்திரின்னு சொன்ன?"

எட்டு சபையில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி. ஏழு தடவை கேட்டு, எட்டாவது தடவை நானே சொன்ன எனக்கும் தோன்றவில்லை. நான் நோட்டை எடுத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் சொன்னது எது, நான் சொன்னது எது, எல்லாம். அக்கா மஞ்சள் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். எடுத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவரு கேட்டுட்டாரு மன்னிப்பு" என்றாள் கடைசியில். "நீ எங்க வச்சு கேக்கப் போற?"

"இப்பக் கேக்குறேன்க்கா."

"இங்கிட்டுக் கேட்டா எனக்கு மட்டுந்தான் கேக்கும். நேத்து ஊருக்கே குழாயில சொன்னீல்ல? குழாயிலயே சொல்லு. இல்லேன்னா பொழுதன்னைக்கும் எவளாவது வந்து இவள நிப்பாட்டிப் பாத்துக்கிட்டே இருப்பாளுக." சொல்லிவிட்டு உள்ளே போனாள். பழைய ஆஸ்பத்திரி சீட்டுகளை வைத்திருக்கும் மஞ்சப்பையைப் பரணிலிருந்து இழுக்கும் சத்தம் கேட்டது.

ஞாயிறு ஆராதனைக்காக என் குழாய் இன்னும் சபைக் கூரையில்தான் இருந்தது. பாஸ்டர், "தம்பி, நேத்துச் சாட்சி, இன்னைக்கு மறுசாட்சியா? ஜனங்க என்ன நினைக்கும்?" என்று கையைப் பிசைந்தார். என் மனைவி அவரிடம் பிள்ளையின் தாடையைப் பற்றிச் சொன்னாள், டீச்சர் குரலில். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். எக்கோவை அடியோடு குறைத்தேன். "கடைசியில இருக்கவங்களுக்குக் கேக்குதா?" என்று பழக்கத்தில் வந்துவிட்டது. சபையில் ஒருவரும் இல்லை. தோப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள்.

"நேத்து ஐயா இங்கிலீஷ்ல பேசினத நான் தப்பாச் சொல்லிட்டேன். அவரு பேசினது இதுதான்" என்று சொல்லி நோட்டைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். மொழிபெயர்ப்பவர் 'அவர்' என்று சொல்லக் கூடாது, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பதை ஹெட்மாஸ்டரிடமிருந்து கற்றிருந்தேன். அதையே செய்தேன்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இந்தப் பிள்ளைக்கு ஜெபம் பண்ணினேன். நடப்பான்னு நம்புறேன்னு சொன்னேனா, நடப்பான்னே சொன்னேனா, எனக்கு ஞாபகம் இல்ல. எதுவா இருந்தாலும் அது என் தப்பு. அந்த வாக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. என்னால ஒரு தாய் ரெண்டு வருசம் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. என் முட்டிக்கு நான் டாக்டர்கிட்ட ஆபரேசன் பண்ணிக்கிட்டவன். ஜெபம் பண்ணிக்கிட்டேதான் ஆபரேசனும் பண்ணிக்கிட்டேன்."

'நம்புகிறேன்' எந்த இடத்தில் 'நடந்து வரும்' ஆனது என்பது எனக்கு அப்போது புரிந்தது. ஹெட்மாஸ்டர் நாலு நாள் தென்னந்தோப்பையே பார்த்துக்கொண்டு வந்ததும் புரிந்தது. அவர் மேல் கோபப்படுகிற யோக்கியதை எனக்கு நேற்றோடு போய்விட்டது.

கடைசி மூன்று வாக்கியத்துக்கு வந்தேன். வாசலில் அக்கா வந்து நின்றிருந்தாள். தோளில் மஞ்சப்பை, இடுப்பில் மகள்.

"என்னைய மன்னிச்சிரு பாப்பா. நாளைக்கே டாக்டர்கிட்டப் போங்க. எனக்காகக் காத்திருக்காதீங்க."

அதற்கு மேல் நோட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் என்னால் மைக்கைக் கீழே வைக்க முடியவில்லை. "வான்னு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கூப்பிட்டவனும் நான்தான், நேத்து எந்திரின்னவனும் நான்தான், என்னைய மன்னிச்சிரு, அக்கா" என்றேன். குரல் உடைந்தது. நான் உடைக்கவில்லை, அதுவாகவே உடைந்தது. குழாய் அதையும் மூன்று ஊருக்குக் கொண்டுபோனது.

"கேக்குது, கேக்குது" என்றாள் அக்கா. "அழுதது போதும். எட்டே முக்கால் பஸ்ஸு வந்துரும். இவளத் தூக்கிக்கிட்டு வா, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒயரைச் சுருட்டாமல் கிளம்பினேன்.